வலது கடவாய்ப் பல்

ஸ்ரீவில்லிபுத்தூர் லோகரக்ஷா மெடிக்கல்ஸ் சம்பத்குமார் டாக்டர் இல்லை. அதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். யாராவது “டாக்டர் சாமி” என்று கூப்பிட்டால், “அதெல்லாம் இல்லப்பா, நான் மருந்து விக்கறவன்” என்பார். அப்படிச் சொல்லும்போது முகம் மலரும். கழுத்து ஒரு பக்கம் லேசாகச் சாயும். இவ்வளவு அடக்கமாக இருப்பவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் படியிறங்குவான். மறுப்பதற்கென்றே அவர் அந்தப் பட்டத்தைத் தம்மிடம் வைத்திருக்கிறார் என்று பக்கத்துப் பாத்திரக்கடைக்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாத்திரக்கடைக்காரர் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மற்ற கடைகளில் கேட்ட மருந்தைக் கொடுப்பார்கள். சம்பத்குமார் ஆளைப் பார்த்துக் கொடுப்பார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, எதிரே நிற்பவனை நெற்றியிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு பார்வை. “பேசாதே. நானே சொல்றேன். சாப்பிட்டதும் நெஞ்சு எரியறது. சரியா?” சரியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கத்தில் புழங்குகிற சீக்குகளே மொத்தம் ஏழெட்டுதான். அதில் இந்த மாதம் எது என்பதை வானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் சம்பத்குமார் வானத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதில்தான் மகிமை.

பார்த்து முடித்ததும் செட்டுக் கட்டுவார். இந்தச் செட்டு என்பது எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லித்தராத ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மருந்துக்கடைக்கு வருகிறவர்களுக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. “காய்ச்சலுக்கு ஒரு செட்டு”, “கைகால் கடுப்புக்கு ஒரு செட்டு” என்று கேட்பார்கள். கடைக்காரர் டப்பாக்களிலிருந்து வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று என்று உதிரியாக எடுத்து, செய்தித்தாள் துண்டில் வைத்து மடித்துக் கொடுப்பார். பொட்டலத்தின் மேல் பெயர் இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்பது கொடுத்தவருக்கும் கடவுளுக்கும் தெரியும். கடவுளிடம் யாரும் விசாரிப்பதில்லை.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஐப்பசியில் வ. புதுப்பட்டிக் கருத்தப்பாண்டி கடைக்கு வந்தபோது கூட்டம் நின்றது. கருத்தப்பாண்டி தோட்டவேலைக்காரன். மாதம் ஒரு தடவை தவறாமல் வருவான். அவன் மனைவி செல்லத்தாய்க்குச் சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அது இதயத்தைப் பிடித்து, மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்திருந்தார்கள். வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டால் ஆள் போய்விடும். கட்டாமல் இருக்க ரத்தத்தை இளக்கி வைக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுசு பூராவும் தினமும் விழுங்க வேண்டும். அந்த மாத்திரையை மதுரையிலிருந்து சொல்லிவைத்து வரவழைக்கிற ஒரே கடை லோகரக்ஷா. இதில் லாபம் ஒன்றும் கிடையாது. பெருமைக்கென்றே சம்பத்குமார் அதைக் கண்ணில் படுகிற தட்டில் வைத்திருந்தார்.

வார்ஃபரின் அட்டையை எடுத்துப் பையில் போட்டதும் கருத்தப்பாண்டி நகரவில்லை. முகவாயைத் தூக்கி, உதட்டைத் திறந்தும் திறக்காமலும், “பல்லு வலிக்கு ஒரு செட்டு, சாமி” என்றான். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

சம்பத்குமார் கண்ணாடியை இறக்கினார். வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது.

“பேசாதே. நானே சொல்றேன். கீழ் வரிசை. கடவாய்ப் பல்லு. வலது பக்கம்.”

கருத்தப்பாண்டியின் கண்கள் விரிந்தன. “ம்ம்” என்று தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

“வாயத் திறக்க முடியலை. உள்ளே சீழ் வச்சிருக்கு.”

“ம்ம்! ம்ம்!”

முதுகு வலிக்காக வந்து நின்ற சோலைச்சாமி என்ற கிழவர் சுற்றுமுற்றும் பார்த்து, “பாத்தியளா? வாயத் தொறக்கல, அதுக்குள்ள பல்லு எதுன்னு சொல்லிப்புட்டாக. ராசபாளையத்துல இதுக்கு லைட் அடிச்சுப் பாத்து ரூவாய வாங்குதான்” என்றார்.

சம்பத்குமார் கழுத்தைச் சாய்த்தார். சீழுக்கு மெட்ரோனிடசால், வலிக்கு இபுபுரூஃபன், கிருமிக்கு ஒரு கேப்ஸ்யூல். மடித்து, வார்ஃபரின் இருந்த அதே பையில் போட்டார். கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கு? அதைக் கேட்டிருந்தால் ஆளைப் பார்த்துச் சொல்கிற வித்தைக்கு என்ன மரியாதை?

சில நாள் கழித்து அதே கருத்தப்பாண்டி வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். “நல்லாக் கேக்குது சாமி! பூரா விடல. அதே செட்டுல இன்னும் கொஞ்சம் கொடுங்க.” சம்பத்குமார் முகத்தைக்கூடப் பார்க்காமல் மடித்து நீட்டினார். அவர் அப்போது ஒரு சொற்பொழிவு எழுதிக்கொண்டிருந்தார்.

ராஜபாளையத்தில் மருந்து வணிகர்களின் ஆண்டுக் கூட்டம். சிறப்புப் பேச்சாளர்: சம்பத்குமார். தலைப்பு: மருந்தும் மருந்தும் மோதிக்கொண்டால். தலைப்பும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். மதுரையில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி, பழுப்பு அட்டை போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து, ஒரு மாதமாகப் படித்தார். நன்றாகவே படித்தார். அவருக்கு விஷயம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்ததெல்லாம் மேடைக்கு என்று மேல் தட்டில் இருந்தது. கடைக்கு வேண்டியதைக் கை பார்த்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடி நின்றது. செயலாளர் வேங்கடேச ராஜா சம்பத்குமாரை, “நம் மாவட்டத்தின் நடமாடும் மருந்துக் களஞ்சியம்” என்று அறிமுகம் செய்தார். களஞ்சியம் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்த்தது.

“பெரியோர்களே! வார்ஃபரின் என்பது கத்தி முனையில் நடக்கிற மருந்து. குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் ரத்தம் நிற்காது. இதைச் சாப்பிடுகிறவருக்கு நீங்கள் மெட்ரோனிடசாலைக் கொடுத்தால் என்ன ஆகும்? உடம்பு வார்ஃபரினைக் கழிக்க முடியாமல் அது உள்ளேயே தேங்கும். கூடவே வலி மாத்திரையையும் கொடுத்தால்? வயிறு புண்ணாகும். பிறகு ரத்தம் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் வரும்!”

முன்வரிசை உச்சுக்கொட்டியது. அவர்கள் எல்லோரும் அன்று காலை வரைக்கும் செட்டுக் கட்டிவிட்டுக் கடையைச் சாத்திவிட்டு வந்தவர்கள்.

சம்பத்குமாருக்குச் சூடு பிடித்துவிட்டது. எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டார். “நம் கடைக்கு ஒரு ஏழைப் பெண்ணின் வீட்டுக்காரர் வருகிறார். அந்தப் பெண்ணுக்கு இதயத்தில் உலோக வால்வு. வார்ஃபரின் சாப்பிடுகிறாள். சொல்கிறேன், கேளுங்கள். அவளுக்கு ஒரு தலைவலி மாத்திரையைக்கூட நான் யோசிக்காமல் கொடுத்ததில்லை!”

“பாகுந்தி, பாகுந்தி!” என்றார் வேங்கடேச ராஜா. உணர்ச்சிவசப்பட்டால் அவருக்கு வீட்டுப் பாஷையான தெலுங்குதான் வரும். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜரிகை போட்ட பொன்னாடை ஒன்றைப் பிரித்து, சம்பத்குமாரின் தோளில் போர்த்தினார்கள். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்.

அப்போதுதான் வாசலில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் கருத்தப்பாண்டி நிற்பது தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளே வரலாமா என்று தயங்கித் தயங்கி, மேடைக்குக் கீழே வந்து நின்றுவிட்டான். சட்டையின் முன்பக்கம் பழுப்பாகக் கறை காய்ந்திருந்தது.

“சாமி, கடைக்குப் போனேன், பூட்டிக் கெடந்துச்சு. பாத்திரக்கடைக்காரருதான் இங்கன இருப்பியன்னு சொன்னாரு. நம்ம செல்லத்தாய்க்கு மூக்குல ரத்தம் வருது சாமி. ஈறுலயும் வருது. நிக்கவே மாட்டேங்கு. கால்ல எல்லாம் கருநீலமாத் திட்டுத் திட்டா இருக்கு. இந்த ஊரு ஆஸ்பத்திரியிலதான் சேத்திருக்கோம். டாக்டரம்மா, பல்லு வலிக்கு என்ன மாத்திரை தின்னான்னு கேக்காக. எனக்கு என்ன தெரியும்? நீங்க கொடுத்தியள்ல, அதோட பேரு என்ன சாமி?”

சம்பத்குமாருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. “பல்லு வலி உனக்குன்னா?”

“எனக்கு எங்க சாமி வலி? அவளுக்குத்தான்.”

விளங்கிவிட்டது. மேடையில் சொன்னதெல்லாம் ஒரு வார்த்தை விடாமல், அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு காதுக்குள் திரும்ப ஓடியது. ரத்தம் எங்கே வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் வரும்.

“ஏமண்டி? என்னவாம்?” என்று வேங்கடேச ராஜா குனிந்தார். பின்னால் நாலைந்து பேர் நாலைந்து கழுத்தை நீட்டினார்கள்.

“ஒண்ணுமில்லை. நம்ம கஸ்டமர்” என்றார் சம்பத்குமார். பிறகு கருத்தப்பாண்டியைப் பார்க்காமல், அவனுக்கு மேலே எங்கேயோ தொங்கிய காகிதத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டு, “அது… சத்து மாத்திரைதான்ப்பா. ஈறுக்குச் சத்து. அதால ஒண்ணும் வராது” என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்குக் கேட்டது.

கருத்தப்பாண்டியின் முகம் தெளிந்தது. “அதானே! நானும் அதத்தான் டாக்டரம்மாட்ட சொன்னேன். எங்க சாமி கொடுத்தா ஒண்ணும் செய்யாதுன்னு அடிச்சுச் சொன்னேன். வாரேன் சாமி” என்று கும்பிட்டுவிட்டு ஓடினான்.

போட்டோ எடுத்தார்கள். பந்தி போட்டார்கள். சம்பத்குமாரை இலையின் முதல் வரிசையில் நடுநாயகமாக உட்காரவைத்தார்கள். பேச்சைச் சங்கத்தின் ஆண்டு மலரில் போடவேண்டும், தாளைக் கொடுங்கள் என்று வேங்கடேச ராஜா கேட்டார். தாளை எடுத்துக் கொடுத்தார். பருப்பைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார், ரத்தம் நிற்க ஊசி போடுவார்கள் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். இனிமேல் நான் போய் என்ன சொல்ல? நாளைக்குக் காலையில் போன் பண்ணிப் பேசினால் ஆயிற்று. டாக்டர்கள் ரத்தத்தைச் சோதித்தாலே தெரிந்துகொள்வார்கள். வரிசையாக ஒவ்வொரு சாக்கும் வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தது. எல்லாம் நல்ல சாக்குகள். படித்தவனுக்கு வருகிற சாக்கில் பிழையே இருக்காது.

ரசம் ஊற்றுகிறவர் இலைக்கு முன்னால் குனிந்தபோது ஒன்று தோன்றியது. இரண்டாவது தடவை கொடுத்த செட்டு. அதில் மிச்சம் இருக்கும். மிச்சத்தைக் கருத்தப்பாண்டி என்ன செய்வான்? சத்து மாத்திரை. ரத்தம் போய்த் துவண்டு கிடக்கிறவளுக்குச் சத்து மாத்திரையைக் கொடுக்காமல் எவனாவது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் எழுந்து ஓடினார். “ஸ்வாமி, பாயசம்!” என்று யாரோ பின்னால் கத்தினார்கள்.

ஆட்டோவில் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான் தோளில் பொன்னாடை இருப்பது தெரிந்தது. எதிரே வந்த சைக்கிள்காரர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அவசரமாக உருவினார். வைக்க இடமில்லை. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கருத்தப்பாண்டி நின்றிருந்தான். அவரைக் கண்டதும் கைகூப்பியபடி எதிரே வந்தான். வலது கன்னம் எலுமிச்சம்பழமாகப் புடைத்திருந்தது. “செத்த இருங்க சாமி” என்று முகவாயைத் தூக்கிச் சொல்லிவிட்டு, வராந்தாவின் ஓரத்துச் சாக்கடைக்குப் போய்க் குனிந்தான். சிவப்பாக ஒரு வாய் வெற்றிலைச் சாறு. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். கன்னம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஒட்டியிருந்தது.

சம்பத்குமார் அந்தக் கன்னத்தையே பார்த்தார். கீழ் வரிசை. கடவாய்ப் பல்லு. வலது பக்கம். சீழ் வச்சிருக்கு. சோலைச்சாமிக் கிழவரின் வாய் பிளந்தது நினைவுக்கு வந்தது.

“மிச்ச மாத்திரை எங்கே?”

“கொடுத்திட்டேன் சாமி. நீங்க சத்து மாத்திரைன்னு சொன்னதும் ஓடியாந்து முதல் வேலையா அதத்தான் கொடுத்தேன். நர்சம்மா பாக்கல. ஒரு வேளைக்குத்தான் இருந்துச்சு. உங்க கையில இன்னும் இருக்கா?”

கருத்தப்பாண்டியின் கண் அவர் கக்கத்துக்குப் போனது. “அட, போர்வ கொண்டாந்தியளா! அவளுக்குக் குளுருதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?” என்று பொன்னாடையை இழுத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான். “அன்னைக்கும் இப்படித்தான். அவளப் பாக்காமலே, வலது பக்கத்துக் கடவாய்னு புட்டுப் புட்டு வச்சீக. அவளுக்கு அந்தப் பக்கந்தான்! வீட்டுல சொன்னா நம்ப மாட்டேன்னுட்டா.”

ஆக, அவன் தலையாட்டியதற்கு அதுதான் காரணம். தன் கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, ஊரில் கிடக்கிற மனைவியின் வாய்க்குள் இருக்கும் பல்லை டாக்டர் சாமி இங்கிருந்தே பார்த்துவிட்டார் என்று வியந்து தலையாட்டியிருக்கிறான்.

செல்லத்தாய் சுவரோரத்துக் கட்டிலில் கிடந்தாள். மூக்கு இரண்டிலும் பஞ்சு. பஞ்சு நனைந்திருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவரைப்பூ நிறத்தில் கன்றிப் போயிருந்தது. அவள்மேல் கருத்தப்பாண்டி பொன்னாடையை விரித்தான். ஜரிகை மின்னியது. எந்த மேடையிலும் யாருக்கும் ஒரு பொன்னாடை அவ்வளவு பொருந்தாமல் இருந்ததில்லை.

டாக்டர் வஞ்சுளவல்லி உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சில் சர்க்கரை கிடையாது. “இவர்தான் எங்க டாக்டர் சாமி” என்று கருத்தப்பாண்டி அறிமுகம் செய்தான்.

“அப்படியா? எந்த காலேஜ்?” என்றார் டாக்டர்.

சம்பத்குமார் ஆங்கிலத்துக்குத் தாவினார். அதில் அவர் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. தான் டிப்ளமா படித்த பார்மஸிஸ்ட் என்றார். பல்வலிக்கென்று மெட்ரோனிடசாலும் இபுபுரூஃபனும் கொடுத்ததைச் சொன்னார். இரண்டு தடவை கொடுத்ததையும், சற்று முன்னால் இன்னொரு வேளை உள்ளே போயிருப்பதையும் சொன்னார். நோயாளி யார் என்பதில் ஒரு தகவல் இடைவெளி ஏற்பட்டுவிட்டதாகச் சொன்னார். ஆங்கிலத்தில் அது ரயில் தாமதம் மாதிரி ஒலித்தது.

பக்கத்தில் கருத்தப்பாண்டி இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. படித்தவர்கள் இரண்டு பேர் தன் மனைவிக்காக இங்கிலீஷில் பேசுகிறார்கள். இனி அவள் பிழைத்துவிடுவாள்.

டாக்டர் நர்சைக் கூப்பிட்டு ஊசி மருந்தின் அளவைச் சொன்னார். பிறகு சம்பத்குமார் பக்கம் திரும்பினார். தமிழில் திரும்பினார்.

“ரத்தம் நிற்கிற ஊசியைக் கூடுதலாப் போட்டா வால்வுல ரத்தம் கட்டிக்கும். குறைச்சுப் போட்டா இப்படியே ஒழுகும். எதனால வந்துதுன்னு தெரியாம காலையிலேருந்து கையைப் பிசைஞ்சுண்டு நிக்கறேன். சத்து மாத்திரைன்னு சொல்லி அனுப்பினது யாரு?”

சம்பத்குமார் தரையைப் பார்த்தார்.

“என்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னது போதும். அந்த மனுஷன்கிட்ட தமிழ்ல சொல்லுங்கோ. நான் சொல்ல மாட்டேன்.”

டாக்டர் போய்விட்டார். நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள். கட்டிலில் செல்லத்தாய், பக்கத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

“என்ன சாமி சொல்லுதாக?”

“அதாவது, கருத்தப்பாண்டி… இரண்டு மருந்துகளுக்கு இடையே ஏற்படுகிற எதிர்வினையின் காரணமாக…” மேடைத் தமிழ்தான் வந்தது. வேறு தமிழ் கைவசம் இருந்ததாகவே நினைவில்லை. கருத்தப்பாண்டி மரியாதையாகத் தலையாட்டினான். இன்னும் இரண்டு வாக்கியம் இப்படியே பேசினால் அவன் கும்பிட்டு வழியனுப்பி வைத்துவிடுவான் என்று சம்பத்குமாருக்குத் தெரிந்தது. அப்படிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. அது வெட்கமில்லாத கால்.

“நான் கொடுத்த மாத்திரையாலதான் இவளுக்கு ரத்தம் போறது” என்றார்.

கருத்தப்பாண்டி சிரித்தான். “சும்மா இருங்க சாமி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். சீக்கிரம் கேக்கட்டும்னு ஒருநா ரெண்டு வேள செட்ட ஒண்ணாக் கொடுத்தேன். அதுனாலதான் இருக்கும். நீங்க ஏன் உங்க மேல இழுத்துப் போட்டுக்கிடுதிய?”

“இல்லப்பா. ஒழுங்காக் கொடுத்திருந்தாலும் வந்திருக்கும்.”

“வராது சாமி. நான்தான் கூடக் கொடுத்தேன்.”

“நான்தான்னு சொல்றேன்!”

“எங்க வீட்டுக் கூறுகெட்டதனம் உங்களுக்குத் தெரியாது சாமி.”

குற்றத்தை யார் எடுத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று மல்லுக்கட்டினார்கள். சம்பத்குமார் தோற்றுக்கொண்டிருந்தார். அவன் நம்பிக்கை அவ்வளவு கெட்டியாக இருந்தது. அதை உடைக்க அவரிடம் ஒரே ஒரு கல்தான் இருந்தது. அதை எடுப்பதற்குப் பதிலாக, போலீஸைக் கூப்பிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது.

“கருத்தப்பாண்டி. அன்னிக்கு உன் வாயில என்ன இருந்தது?”

“எப்ப சாமி?”

“பல்லுக்குச் செட்டு வாங்க வந்தியே, அன்னிக்கு. வலது கன்னத்துல.”

யோசித்தான். “வெத்தலதான். பஸ்ஸுல போட்டேன். கடைக்கு முன்னால துப்ப வேண்டாம்னு அடக்கி வச்சிருந்தேன்.”

“அதைத்தான் வீக்கம்னு நினைச்சேன். உனக்குத்தான் பல்வலின்னு நினைச்சேன். இவளுக்குன்னு எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணும் தெரியாது. உன் வாயில இருந்த வெத்தலையைப் பார்த்துதான் வலது பக்கம்னு சொன்னேன்.”

கருத்தப்பாண்டி அவரைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவரை நேராகப் பார்த்ததே இல்லை. காலையோ கையையோ பார்த்துத்தான் பேசுவான். இப்போது கண்ணாடி, நாமம், மூக்கின் பக்கத்தில் இருந்த மரு, சட்டைப் பையில் ஒட்டியிருந்த ஒரு பருக்கைச் சோறு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தான்.

“மண்டபத்துல வச்சு சத்து மாத்திரைன்னு சொன்னிய.”

“ஆமா.”

“அப்ப தெரியுமா?”

“தெரியும்.”

கருத்தப்பாண்டியின் கை ஒருமுறை மடங்கி விரிந்தது. அடிப்பானோ என்று சம்பத்குமார் நினைத்தார். அடிக்கட்டும் என்றும் நினைத்தார். அடித்தால் ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருக்கும். அந்த உபகாரத்தை அவன் செய்யவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“அத நான் என் கையாலயே ஊட்டிவிட்டேன்” என்றான். சத்தமே இல்லை. “தண்ணிகூட நான்தான் புகட்டுனேன்.”

கட்டிலில் செல்லத்தாய் கண்ணைத் திறந்திருந்தாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் மூக்கடைத்து, சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி வந்தது.

“யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா இவுக சொல்லியிருப்பாகள்ல?”

திட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். பதில் ஏதாவது இருக்கும், படித்தவர், சொல்வார் என்று எதிர்பார்த்தது போல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பத்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

நர்ஸ் வந்து பஞ்சை மாற்றினாள். புதுப் பஞ்சில் சிவப்பு மெதுவாகத்தான் ஏறியது. டாக்டர் வந்து பார்த்து, “மருந்து கேக்கறது. ராத்திரிக்குள்ள நின்னுடும்னு நினைக்கறேன். வால்வுச் சத்தமும் சுத்தமாக் கேக்கறது” என்று கருத்தப்பாண்டியிடம் சொன்னார். சம்பத்குமாரிடம் எதுவும் சொல்லவில்லை. கருத்தப்பாண்டி கட்டில் சட்டத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு நிமிர்ந்து, மனைவியின் மேல் கிடந்த பொன்னாடையை எடுத்தான். ஓரத்தில் ரத்தம் பட்டிருந்தது. மடித்து, சம்பத்குமாரிடம் நீட்டினான். “இந்தாங்க. உங்க துணி.” ஆஸ்பத்திரியின் முரட்டுப் போர்வையைக் கட்டிலின் காலடியிலிருந்து எடுத்து அவளுக்குப் போர்த்தினான். சாமி என்ற வார்த்தை வரவில்லை.

செல்லத்தாய் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். “பல்லு இன்னும் வலிக்குதே. அதுக்கு எதத் திங்க?”

இரண்டு மருந்தின் பெயர்கள் சம்பத்குமாரின் நாக்கு நுனிக்குத் தாமாக வந்து நின்றன. அத்தனை வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியலைம்மா” என்றார். “டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கோ.”

“சரி” என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கருத்தப்பாண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தான். கருநீலத் திட்டுகளில் விரல் படாமல், பார்த்துப் பார்த்துப் பிடித்தான்.

அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு சம்பத்குமார் நின்றுகொண்டிருந்தார். கதவோரத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு கிழவி, அவர் யார், யாருக்கு உறவு என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். தெரியவில்லை என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்தது.